கூடமும் சாப்பாட்டு இடமும்: வணிகர் வீட்டுக் கணக்கு

முத்துப்பேட்டை கடைத்தெருவில் முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு என்று வாழும் வணிகர்கள் இன்றும் பலர். புதிதாகக் கட்டுவோர் ஹாலையும் சாப்பிடும் இடத்தையும் இடையில் சுவர் இல்லாமல் ஒன்றாக விட்டுவிடுகிறார்கள். சோபா எங்கே, டைனிங் டேபிள் எங்கே என்ற கேள்வி அடுத்து வருகிறது. கடை முதலிலிருந்து பணத்தை எடுத்து இவற்றை வாங்குமுன் சற்று யோசிப்பது நல்லது.

நம் தஞ்சைத் தரணியின் பழைய வீடுகளில் திண்ணை, ரேழி தாண்டினால் கூடம். அங்கேதான் பந்தி, படுக்கை, கணக்கு எல்லாம். பாயும் மணையும் தேவைப்படும்போது வரும். வேலை முடிந்ததும் மூலைக்குப் போகும். இன்றைய ஹாலுக்கும் அதே யோசனை பொருந்தும்.

ஒரு வாரம் அந்த இடத்தில் யார், எந்த நேரத்தில், என்ன செய்கிறார்கள் என்று ஒரு தாளில் குறித்துப் பாருங்கள். காலையில் கம்பெனி ஏஜெண்டு வருவார். மாலையில் பிள்ளைகள் படிப்பார்கள். இரவு கடை அடைத்தபின் நாம் சாப்பிட உட்காருவோம். அதுவரை பெண்கள் காத்திருப்பார்கள். வியாபார விஷயமாக வருவோரை வாசலருகே இரண்டு நாற்காலியில் அமர்த்தினால், உள்ளே பெண்கள் தாராளமாக நடமாடலாம். இடையே ஒரு திரை போதும்.

ஆறு பேருக்கான மேசை ஏறத்தாழ 5 அடிக்கு 3 அடி. நாற்காலியை இழுத்து உட்காரச் சுற்றிலும் இரண்டரை அடியாவது வேண்டும். ஆக, 10 அடிக்கு 8 அடி இடம் அதற்கே போய்விடும். தரையில் இலை போட்டால் ஆளுக்கு 2 அடி. 10 அடிச் சுவரோரம் ஐந்து பேர் அமரலாம். ஜாம்புவானோடை தர்கா கந்தூரிக்கும் நோன்புப் பெருநாளுக்கும் விருந்தினர் வந்தால், சஹனைச் சுற்றி அமரத் தரைதான் வேண்டும். ஆனால் முழங்கால் வலி உள்ள பெரியவர்களுக்கு மேசை அவசியம். சுவரோரம் நால்வர் அமரும் சிறு மேசையும், அதன் கீழே தள்ளி வைக்கும் பெஞ்சும் இருந்தால் இரண்டுக்கும் வழி உண்டு.

கடலோர ஈரக்காற்றுக்குத் துகள் பலகைச் சாமான்கள் ஊதிப்போகும்; இரும்புக் கால் துருப்பிடிக்கும். தேக்கு வாங்க முடியாதவர்கள் பூவரசில் செய்துகொள்ளலாம்.

இனி முக்கியமான விஷயம். தரையைக் காலியாக விட்டால் அங்கே மூட்டை வந்துவிடும். இது நம் வீடுகளின் பழைய வியாதி. தீபாவளி, பொங்கல், ரம்ஜான் சரக்கு கடையில் கொள்ளாமல் சாப்பாட்டு இடத்தில் அடுக்கப்படுகிறது. மிளகாய் நெடியும் எலியும் கூடவே வரும். அதைவிடப் பெரிய ஆபத்து, வண்டுக்காக மூட்டைகளில் போடும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை. காற்றின் ஈரம் பட்டதும் அது பாஸ்பீன் என்னும் நச்சு வாயுவை வெளிவிடும். அடைத்த வீட்டில் தூங்குபவர்களை அது கொன்றுவிடும். இதற்கு முறிவு மருந்து கிடையாது. அரசுத் துறைகளும் அனுமதி பெற்ற பூச்சிக் கட்டுப்பாட்டு நிறுவனங்களும் தவிர வேறு யாரும் இதைப் பயன்படுத்தக் கூடாது என்பது சட்டம். சரக்கு நெருக்கத்தில் பலர் இதை மறந்துவிடுகிறோம். மாத்திரை போட்ட சரக்கு எதுவும் வீட்டுக்குள் வரவே கூடாது. யாருக்காவது வாந்தி, மயக்கம், மூச்சுத் திணறல் கண்டால், எல்லோரையும் வெளிக்காற்றுக்குக் கொண்டு வந்து, உடனே மருத்துவமனைக்குச் சென்று மாத்திரை விஷயத்தை மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

கடையில் இடம் போதாவிட்டால் சரக்கைக் குறைத்து அடிக்கடி வாங்கலாம்; அல்லது நாலைந்து வணிகர்கள் சேர்ந்து ஒரு கிடங்கை வாடகைக்கு எடுக்கலாம். மேசையும் சோபாவும் அடுத்த வருஷம் வாங்கிக்கொள்ளலாம். மூட்டைகளை வெளியேற்றும் வேலையை இந்த வாரமே முடித்துவிடுங்கள்.