உங்கள் பி.டி.எஃப். எல்லோருக்கும் பாடமா, சிலருக்கு வெறும் போட்டோவா?

நோட்ஸை ஸ்கேன் செய்து குரூப்பில் போடுகிறீர்கள். பார்வையற்ற மாணவரின் ஸ்கிரீன் ரீடருக்கு அது வெறும் படம். நாளை பரீட்சை என்றாலும், யாராவது படித்துக் காட்டும்வரை அவர் காத்திருக்கணும்.

எப்படிக் கண்டுபிடிப்பது? மவுஸால் ஒரு வரியை செலக்ட் பண்ணிப் பாருங்க. முடியலைன்னா, அது படம்தான். பழைய, யூனிகோட் அல்லாத தமிழ் ஃபான்ட் என்றால், செலக்ட் ஆனாலும் உளறலாகத்தான் வாசிக்கும்.

என்ன செய்யலாம்?

• யூனிகோடில் டைப் செய்த ஃபைலையே கொடுங்க.
• தலைப்புகளுக்கு 'ஹெட்டிங்' ஸ்டைல் வையுங்க.
• படத்துக்கு 'ஆல்ட் டெக்ஸ்ட்' எழுதுங்க.
• காது கேளாதவர்களுக்காக வீடியோவில் சப்டைட்டில் சேருங்க.

இது சலுகை இல்லை. டிஜிட்டல் அணுகல், அரசியலமைப்பின் 21-வது பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.