அந்தி நடையின் அறிவியல்

பொழுது சாயும் வேளையில் கண்மாய்க்கரையிலோ வயல்களுக்கு நடுவே செல்லும் வண்டித்தடத்திலோ நண்பர் இருவர் பேசிக்கொண்டே நடப்பது தமிழகக் கிராமங்களில் இன்றும் காணக்கூடிய வழக்கமே. அந்த ஒரு மணி நேரத்துக்குள் வானத்தின் நிறத்துக்குக் காரணமான பொருள் மாறுகிறது, கண் தன் வேலைமுறையை மாற்றிக்கொள்கிறது, ஒலி எட்டும் தொலைவு கூடுகிறது. ஆகவே அந்தியைத் தனக்கென இயற்பியலும் உயிரியலும் உடைய தனிப்பொழுதாகவே கொள்ள வேண்டும்.

கண்மாயின் மறுகரையைக் கதிரவனின் கீழ்விளிம்பு தொடுவதாகத் தோன்றும் கணத்தில், உண்மையில் அதன் வட்டம் முழுவதும் ஏற்கெனவே தொடுவானத்துக்குக் கீழே இறங்கியிருக்கிறது. காற்று மண்டலம் ஒளியை வளைத்துக் காட்டும் ஒளிவிலகலின் அளவு தொடுவானத்தில் சுமார் 34 கலை. கதிரவனின் தோற்ற விட்டம் சுமார் 32 கலைதான். (கலை என்பது ஒரு பாகையின் 60இல் ஒரு பங்கு.) மறைந்த கதிரவன் தொடுவானத்துக்குக் கீழே 6 பாகை இறங்கும் வரையிலான காலத்தை வானியலாளர் அந்தியின் முதற்கட்டம் என்று கொள்கின்றனர். நிலநடுக்கோட்டுக்கு அருகில் கதிரவன் ஏறக்குறையச் செங்குத்தாக இறங்குவதால் மதுரை, சிவகங்கை வட்டாரங்களில் இக்கட்டம் 21 முதல் 23 நிமிடங்களுக்குள் முடிந்துவிடுகிறது. லண்டனிலோ நடுக்கோடையில் அது முக்கால் மணி நேரத்தையும் தாண்டுகிறது. தென்தமிழகத்தில் அந்தியைப் பார்க்க விரும்புவோர் கதிரவன் மறைவதற்கு முன்பே கரையேறிவிடுவது நல்லது.

மேற்கின் செம்மையிலேயே பார்வை நிலைத்துவிடுவதால் உச்சிவானத்தைப் பெரும்பாலோர் கவனிப்பதில்லை. பகல்வானின் நீலத்துக்குக் காற்று மூலக்கூறுகள் நீல ஒளியைக் கூடுதலாகச் சிதறடிப்பதே காரணம். அந்தியில் ஒளி காற்று மண்டலத்தை நெடுந்தொலைவு கடந்து வருகையில் நீலத்தில் பெரும்பகுதி வழியிலேயே சிதறிப்போவதால், அந்த விளக்கத்தின்படி உச்சிவானம் வெளிறியோ மஞ்சள் பாரித்தோ இருக்க வேண்டும். ஆனால் அங்கே நீலம் ஆழமாகவே இருக்கிறது. இப்புதிருக்கு 1953இல் விடை கண்டவர் எட்வர்ட் ஹல்பர்ட் என்னும் அமெரிக்க இயற்பியலாளர்: உயர்வளியில் உள்ள ஓசோன் வாயு மஞ்சள், ஆரஞ்சு நிற ஒளியை உறிஞ்சிக்கொள்வதால், கதிரவன் மறைந்த பின்னர் காணும் நீலத்தின் பெரும்பங்கு ஓசோனாலேயே விளைகிறது என்று அவர் கணக்கிட்டுக் காட்டினார். அதே நேரத்தில் கிழக்கே பனைகளுக்குப் பின்னால் சாம்பல் கலந்த கருநீலப் பட்டை ஒன்று எழும். காற்று மண்டலத்தின் மேல் விழும் பூமியின் நிழலே அது, அதன் மேல் ஓரத்தில் இளஞ்சிவப்பு விளிம்பும் தெரியும்.

கண்ணுக்குள் நிகழும் மாற்றம் இவற்றினும் வியப்பானது. விழித்திரையில் நிறமறியும் கூம்புச் செல்களும், மங்கொளியில் வேலை செய்யும் குச்சிச் செல்களும் உள்ளன. ஒளி குறையக் குறையப் பார்வைப் பொறுப்பு முன்னவற்றிலிருந்து பின்னவற்றுக்குக் கைமாறுகிறது. கூம்புச் செல்களின் கூட்டுணர்திறன் சுமார் 555 நானோமீட்டர் அலைநீளமுள்ள மஞ்சட்பச்சையில் உச்சம் பெற, குச்சிச் செல்களின் உச்சமோ 500 நானோமீட்டரை ஒட்டிய நீலப்பச்சையில் இருப்பதால், வேலியில் படர்ந்த செம்பருத்திப் பூக்கள் கருத்துப்போக, அவற்றைச் சூழ்ந்த இலைகள் ஒப்பளவில் வெளுத்துத் தெரிகின்றன. செக் நாட்டு உடலியலாளர் யான் புர்கினியே இதை 1825இல் விவரித்தார். அவர் பெயராலேயே இது புர்கினியே விளைவு எனப்படுகிறது. குச்சிச் செல்களுக்குத் தேவையான ரொடாப்சின் என்னும் நிறமி நிறைவாகச் சேர 30 நிமிடங்களோ அதற்கு மேலோ ஆகும். அந்நிறமி வைட்டமின் ஏ இல்லாமல் உருவாகாது. அச்சத்துக் குறைவால் வரும் மாலைக்கண் நோய் ஒரு காலத்தில் இந்திய ஊர்ப்புறங்களில் எத்தனையோ குழந்தைகளின் அந்தியைப் பறித்துக்கொண்டது என்பதும், முற்றத்து முருங்கைக்கீரையிலேயே அதற்கான சத்து மிகுந்திருந்தது என்பதும் இவ்விடத்தில் நினைக்கத்தக்கவை.

பார்வை மங்கும் வேளையில் கேள்வி கூர்மையடைவதாகத் தோன்றுவதற்குக் காற்றே பெரிதும் காரணம். பகலில் தரையை ஒட்டிய காற்று சூடாகவும் மேற்காற்று குளிர்ந்தும் இருப்பதால் ஒலி மேல்நோக்கி வளைந்து விலகிவிடுகிறது. மேகமற்ற அந்தியில் தரை வேகமாக வெப்பத்தை இழக்க, அதை ஒட்டிய காற்று குளிர்ந்து மேற்காற்று வெப்பமாகவே நிற்பதால், வெப்பநிலைத் தலைகீழாக்கம் எனப்படும் அடுக்கு உருவாகிறது. ஒரு பாகை செல்சியஸ் வெப்பம் கூடினால் ஒலியின் வேகம் நொடிக்கு சுமார் 0.6 மீட்டர் கூடும். எனவே மேலே விரைந்தும் கீழே மெதுவாகவும் செல்லும் ஒலியலை தரையை நோக்கி வளைகிறது. பகலில் கேளாத தொலைதூர ரயிலோசையும் அடுத்த ஊர்க் கோயிலின் ஒலிபெருக்கிப் பாட்டும் கரையில் நடப்போரை எட்டுவது இதனால்தான்.

தடத்தில் அமர்ந்திருக்கும் பக்கிப் பறவை, ஆளரவம் நெருங்கும் வரை அசையாதிருந்து பின் ஓசையின்றி எழும். சிறு வௌவால்கள் 20,000 ஹெர்ட்ஸைக் கடந்த, மனிதச் செவிக்கு எட்டாத ஒலியால் பூச்சிகளைத் தேட, ஆலமரத்துப் பழந்தின்னி வௌவால்கள் எதிரொலியை நாடாமல் கண்ணையும் மூக்கையும் நம்பியே புறப்படுகின்றன.

உடன் நடப்பவரும் இவ்வறிவியலுக்குப் புறம்பானவர் அல்லர். இணையாக நடப்போரின் காலடிகள் தாமாகவே ஒத்திசைவதை ஆராய்ந்த ஜிவோடோஃப்ஸ்கி, ஹவுஸ்டார்ஃப் ஆகியோர், வழக்கமாகச் சேர்ந்து நடக்காத இணைகளிடமும் ஏறத்தாழப் பாதி நடைகளில் அடிகள் ஒத்துப்போனதையும், கைகோத்து நடந்தபோது அந்த ஒத்திசைவு மிக வலுவாக இருந்ததையும் 2007இல் வெளியிட்டனர். முகம் தெரியாமல் குரல் மட்டும் தெளியும் இப்பொழுதில், பகலில் சொல்லத் தயங்கிய பேச்சும் நண்பர்களிடையே எளிதில் வெளிவருகிறது.

எனினும், இருளுக்குப் பழகிய கண்ணைக் காக்க வேண்டும் என்பதற்காக விளக்கின்றி வரப்பில் இறங்குவது தவறு. கண்ணாடிவிரியனும் கட்டுவிரியனும் இரை தேடிக் கிளம்பும் நேரம் இது. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் இறந்தனர் என்று ஆய்வு மதிப்பிடுகிறது, அவர்களில் மிகப் பலர் ஊர்ப்புறத்தினர். அகன்ற தடத்திலேயே நடப்பதும், மூடிய காலணி அணிவதும், கைவிளக்கைக் காலடிக்கு மட்டும் காட்டுவதும் போதுமான காப்பு தரும். விண்மீன்கள் சில குறைந்து தெரிவது பெரிய இழப்பன்று. கடிபட்டவர் ஓடினாலும் நடந்தாலும் நஞ்சு விரைந்து பரவக்கூடும் என்பதால் கடிபட்ட உறுப்பை அசைக்காமல் வைக்க வேண்டும், கடிவாயைக் கீறவோ உறிஞ்சவோ இறுகக் கட்டவோ கூடாது, நச்சுமுறிவு மருந்துள்ள மருத்துவமனைக்கு உடனே கொண்டுசெல்ல வேண்டும். பதற்றத்தைத் தணித்து, வண்டி வரவழைத்து, அவரை நடக்கவிடாமல் சேர்ப்பிக்கும் அத்தனை வேலையும் உடன் வந்த நண்பருடையது.