கணக்குக் கேட்கும் அரசு காவலும் தர வேண்டும்

2018-இல் சூரத் தொழிலதிபர் ஒருவரைக் கடத்திப் பிட்காயின் பறித்த வழக்கில், 14 பேருக்கு 2025 ஆகஸ்டில் அகமதாபாத் நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது. அவர்களுள் மாவட்டக் காவல் கண்காணிப்பாளராக இருந்தவரும் உண்டு. காவலரே கடத்திய வழக்கு அது.

2025 நிதிச் சட்டப்படி, 2026 ஏப்ரல் முதல் கிரிப்டோ பரிவர்த்தனை விவரங்களை நிறுவனங்கள் வருமான வரித் துறைக்கு அளித்தாக வேண்டும். 30 விழுக்காடு வரி விதித்த அரசு கணக்குக் கேட்பதைப் பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில் ஏற்கிறேன். ஆனால், செவ்வாய்ப்பேட்டை வெள்ளி வணிகரை மிரட்டி வங்கிப் பணத்தைப் பறித்தால், அது சென்ற கணக்கை முடக்கவாவது வழியுண்டு. கைமாறிய பிட்காயினைத் திருப்பியழைக்க எந்த வங்கியும் இல்லை. பெயர், முகவரி, பரிமாற்றத் தொகை மூன்றும் ஒரே கோப்பில் இருந்து கசிந்தால், கொள்ளையருக்கு அதுவே வழிகாட்டி. கோப்பை யார், எப்போது திறந்தார் என்ற பதிவும், கசிந்தால் உரியவருக்கு உடனடி அறிவிப்பும் விதிகளிலேயே இடம்பெற வேண்டும்.