தண்ணீர் வராத சனிக்கிழமை

திட்டம் போடுவதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. வீடு கிள்ளானில், வேலை பிரிக்பீல்ட்ஸில். காலையில் கொமுட்டர் ரயிலின் எந்தப் பெட்டியில் ஏறினால் கேஎல் சென்ட்ரலில் மின்படிக்கு நேராக இறங்கலாம் என்பதுவரை கணக்கு வைத்திருப்பேன். அப்பாவின் முதலாண்டுத் திதிக்கும் அப்படித்தான் ஒரு பட்டியல் போட்டேன். 2020 செப்டம்பர் 5, சனிக்கிழமை. காலையில் ஐயர், பகலில் படையல், முப்பது பேருக்குச் சாப்பாடு, எல்லாமே அம்மா கையால். நேரம், பொறுப்பு, சாமான் என்று எக்செல்லில் கட்டம் கட்டமாக இருந்தது. தண்ணீருக்கு மட்டும் கட்டம் இல்லை. குழாயைத் திறந்தால் வருகிற பொருளுக்கு யார் கட்டம் போடுவார்கள்?

வியாழக்கிழமை, செப்டம்பர் 3. ரவாங் பக்கம் சுங்கை கோங்கில் கலந்த கழிவு, சுங்கை சிலாங்கூர் ஆற்றில் நாற்றத்தோடு வந்து சேர்ந்தது. சுங்கை சிலாங்கூர் முதலாம், இரண்டாம், மூன்றாம் கட்டச் சுத்திகரிப்பு நிலையங்களும் ரந்தாவ் பாஞ்சாங் நிலையமும் நிறுத்தப்பட்டன. கோலாலம்பூரிலிருந்து கிள்ளான்வரை 1,292 பகுதிகளில், ஏறத்தாழ 12 லட்சம் பயனீட்டாளர் கணக்குகளுக்குத் தண்ணீர் இல்லை. நோய்த்தொற்று காலம் வேறு. அடிக்கடி கை கழுவுங்கள் என்று ஊரே சொல்லிக்கொண்டிருந்த நேரம்.

கைபேசியில் செய்தி வந்தபோது நான் தூங்கிவிட்டேன். திதிக்கு வீடு சுத்தமாக இருக்கட்டுமே என்று அக்கா அன்றிரவுதான் திரைச்சீலை, படுக்கை விரிப்பு எல்லாவற்றையும் இயந்திரத்தில் போட்டுத் துவைத்திருக்கிறாள். வெள்ளி காலை கூரைத் தொட்டியில் மிஞ்சியிருந்த தண்ணீர் பல் துலக்கவே போதவில்லை.

"அப்பாவோட தோங் இருந்திருந்தா..." என்று ஆரம்பித்த அக்கா, என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

அந்தக் கதையைச் சொல்லித்தான் ஆகவேண்டும். 1998இல் எல் நினோ வறட்சியால் கிள்ளான் பள்ளத்தாக்கில் தண்ணீரைப் பங்கிட்டு விட்டார்களே, அப்போது அப்பா எங்கிருந்தோ இரண்டு பெரிய நீலப் பீப்பாய்களை லோரியில் கொண்டுவந்து வீட்டின் பின்புறம் வைத்தார். 2014இல் இரண்டு நாள் தண்ணீர், இரண்டு நாள் இல்லை என்று பங்கீடு வந்தபோதும் அவைதான் எங்களைக் காப்பாற்றின. மற்ற நாள்களில் எல்லாருடைய காலையும் இடிக்கும். ஞாயிறுதோறும் மூடியைத் திறந்து கொசுப்புழு இருக்கிறதா என்று அப்பா டார்ச் அடித்துப் பார்ப்பார். நாங்கள் சிரிப்போம். அவர் போன மூன்றாம் மாதம், இடத்தை அடைக்கிறது, டிங்கி வேறு வரும் என்று சொல்லி இரண்டையும் பழைய சாமான் லோரிக்காரரிடம் நான்தான் கொடுத்தேன். பத்து வெள்ளி தந்தார்.

வெள்ளி மதியம் பிரிக்பீல்ட்ஸில் கடை கடையாக ஏறி இறங்கினேன். பெரிய தண்ணீர் போத்தல் ஒன்றுகூட இல்லை, வாளியும் இல்லை. கடைசியில் மாவு போட்டு வைக்கும் மூடிபோட்ட பிளாஸ்டிக் டப்பா இரண்டு கிடைத்தது. அவற்றைத் தூக்கிக்கொண்டு ரயில் ஏறினால், எதிர் இருக்கையில் ஒரு சீனப் பெரியவர் மடியில் குப்பைத் தொட்டி. புத்தம் புதுசு, விலைச்சீட்டுகூடக் கிழிக்கவில்லை. என் டப்பாவைப் பார்த்து முகக்கவசத்துக்குள்ளேயே சிரித்தார். நானும் சிரித்தேன். இரண்டு பேருமே எதுவும் பேசவில்லை.

வீட்டுக்கு வந்ததும், "வெளிய சாப்பாடு சொல்லிடலாம்மா" என்றேன்.

"திதிச் சாப்பாட்டை வெளிய வாங்குறதா? அந்தப் பட்டியலை எடுடா."

பேனாவை வாங்கி அம்மா அடிக்க ஆரம்பித்தார். முப்பது பேர் பதினான்கானது. பதினொரு வகை நாலானது: சாம்பார், வாழைக்காய்ப் பொரியல், பாயசம், அப்பாவுக்குப் பிடித்த சுண்டைக்காய் வற்றல் குழம்பு. ஒரு வாரம் உட்கார்ந்து நான் போட்ட திட்டத்தை இரண்டே நிமிடத்தில் முடித்துவிட்டார். எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. ஆனால் எதை விடலாம், எதை விடக்கூடாது என்று நான் பிரித்தே வைக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. என் பட்டியலில் வற்றல் குழம்புக்கும் வாசல் தோரணத்துக்கும் ஒரே அளவு கட்டம்.

அடுத்து காஜாங் சித்திக்கு போன் போனது. உலு லங்காட் பக்கம் வேறு நிலையங்களின் தண்ணீர், அங்கே தடை இல்லை. காய்களைக் கழுவி நறுக்கி, அரிசி பருப்பைக் களைந்து எடுத்துவரச் சொன்னார் அம்மா. சனி காலை ஏழு மணிக்குச் சித்தப்பாவின் வேனில் எல்லாம் வந்து இறங்கின. கூடவே 20 லிட்டர் கலன்கள் எட்டு. ஆக 160 லிட்டர். மலேசியாவில் ஒருவர் ஒரு நாளைக்கு 200 லிட்டருக்கு மேல் செலவழிக்கிறோம். இது பதினான்கு பேருக்கும் ஒரு திதிக்கும்.

அம்மா கேரித் தீவுத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். லயத்துக்குப் பொதுக் குழாய், தண்ணீருக்கு நேரம் என்று வாழ்ந்த கை. மூன்று கலன் சமையலுக்கு என்று தனியே வைத்து அதன் பக்கத்திலேயே முக்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். கை கழுவிய தண்ணீர் கீழே வைத்த பேசினில் விழும், அது கழிவறைக்கு. பாத்திரத்தைப் பழைய பேப்பரால் துடைத்த பிறகுதான் தண்ணீர் காட்டலாம். சாப்பாடு வாழையிலையில் என்பதால் தட்டு கழுவும் வேலையே இல்லை. அக்கா மகனுக்குப் பதினாறு வயது, ஷவரைத் தவிர வேறு தெரியாது. அரை வாளியும் ஒரு சொம்பும் கொடுத்து, தலையில் தொடங்கிக் கால்வரை எப்படி இறக்குவது என்று வெளியில் நின்றே பாட்டி பாடம் நடத்தினார்.

அந்த நேரத்தில்தான் பக்கத்து வீட்டு மக்சிக் வேலிக்கு மேலாக இரண்டு வாளி தண்ணீரை நீட்டினார். தயங்கினேன். அவருக்கும்தானே குழாய் வரவில்லை? பின்பக்கம் கையைக் காட்டினார். அங்கே ஒரு நீலப் பீப்பாய்.

"பங்கீடு நடந்த வருஷம் உங்க அப்பாதான் வாங்கி வைக்கச் சொன்னாரு" என்றார் மலாயில்.

நான் அக்காவைத் திரும்பிப் பார்க்கவில்லை.

ஐயர் வந்து உட்கார்ந்தார். திதியில் முக்கியமே எள்ளும் தண்ணீரும்தான். கையில் எள்ளை வைத்து, சொம்பைச் சாய்த்து, சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டிருந்தேன். காலையிலிருந்து மிச்சம் பிடித்த கை, தானாகவே இறுக்கியது.

"கொஞ்சம் தாராளமா விடுங்க தம்பி" என்றார் ஐயர்.

விட்டேன்.

எங்கள் வீட்டுக் குழாயில் தண்ணீர் வந்தது திங்கள் இரவுதான். நிலையங்கள் ஓடத் தொடங்கினாலும் நீர்த்தேக்கத் தொட்டிகள் நிரம்ப வேண்டும், பிறகு குழாய்கள் நிரம்ப வேண்டும், தூரத்தில் இருப்பவர்களுக்குக் கடைசியில்தான் வரும். முதலில் பழுப்பாக வந்தது. அதையும் அம்மா வாளியில் பிடித்து வாசலுக்கு ஊற்றினார். ஆற்றைக் கெடுத்தவர்கள்மேல் எனக்கு இருந்த கோபம் இன்னும் போகவில்லை. போக அவர்களும் விடவில்லை. அக்டோபரிலேயே ஆறு மறுபடி நாறியது, மறுபடி தண்ணீர் நின்றது.

அதற்குள் ஒரு பீப்பாய் வாங்கியிருந்தேன். எண்பது வெள்ளி. அப்பா வைத்திருந்த அதே இடத்தில்தான் இருக்கிறது, எல்லாருடைய காலையும் இடிக்கிறது. மூடி அவ்வளவு சரியாகப் பொருந்தவில்லை. ஞாயிறு காலையில் நான் டார்ச்சோடு குனியும்போது அக்கா மகன் சிரிக்கிறான்.