வைஃபை அணைந்த பிறகும் ஹோம்வொர்க் நடக்கும்

எங்கள் வீட்டில் இரவு 9 மணிக்கு வைஃபை ஆஃப். பெரியவங்க, சின்னவங்க எல்லாருக்கும்தான். போன மாதம் ஒரு நாள் மணி 8:50 இருக்கும், மகள் லேப்டாப்போடு வந்து நின்றாள்.

"அம்மா, இன்னிக்கு மட்டும் அரை மணி நேரம் கூடுதலா விடுங்கம்மா. டேட்டாபேஸ் ஹோம்வொர்க் முடியல. நெட் இல்லாம எங்க போய்த் தேடுறது?"

நியாயமான கேள்விதான். இங்கே இங்கிலாந்தில் ஜிசிஎஸ்இ கணினி அறிவியல் எடுக்கும் பிள்ளைகள் பலருக்கு எஸ்கியூஎல் பாடம் உண்டு. வீட்டில் பழகுவதற்கு எஸ்கியூலைட் வசதியானது. இலவசம், சின்னது, தனியாக சர்வர் எதுவும் வேண்டாம்.

என்ன சிக்கல் என்று பார்த்தேன். உறவினர் பெயர், பிறந்தநாள் எல்லாம் வைத்து ஒரு டேபிள் போட்டிருந்தாள். ஒவ்வொரு வரிக்கும் தானாகவே எண் விழ வேண்டும். அதற்காக நெட்டில் கிடைத்த ஒரு வரியை அப்படியே ஒட்டியிருந்தாள். "சின்டாக்ஸ் எரர்" என்றே திரும்பத் திரும்ப வந்தது.

அந்த வரி தப்பில்லை. ஆனால் அது மைஎஸ்கியூஎல்லுக்கு எழுதியது. அதில் ஆட்டோ, இன்கிரிமென்ட் என்ற இரண்டு சொல்லுக்கும் நடுவில் ஒரு அடிக்கோடு வரும். எஸ்கியூலைட்டில் கோடு கிடையாது, ஒட்டித்தான் எழுத வேண்டும். எஸ்கியூஎல் ஒரே மொழி என்றாலும் கருவிக்குக் கருவி வட்டார வழக்கு மாறும். மதுரைத் தமிழும் யாழ்ப்பாணத் தமிழும் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். பொதுவாகத் தேடினால் எல்லா வழக்கும் கலந்துதான் வரும். அன்றைக்கு அவளுக்கு வேண்டியிருந்தது இன்னொரு அரை மணி நேர நெட் இல்லை, அந்தக் கருவிக்கே உரிய கையேடு.

வார இறுதியில் அதை லேப்டாப்பிலேயே இறக்கி வைத்தோம். கோடிங் தெரியாத அப்பா அம்மாவும் இதைச் செய்யலாம்.

விண்டோஸ், லினக்ஸ் கணினிகளுக்கு ஸீல் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. இன்ஸ்டால் செய்து திறந்ததும், மேலே டூல்ஸ் மெனுவில் டாக்செட்ஸ் என்பதை அழுத்துங்கள். அதில் அவைலபிள் என்ற பகுதியில் பெரிய பட்டியல் வரும். எஸ்கியூலைட்டைத் தேர்ந்தெடுத்து டவுன்லோட் கொடுங்கள். அது முடியும் வரைதான் நெட் தேவை. பட்டியல் நீளமாக இருக்கிறதே என்று எல்லாவற்றையும் இறக்கிவிடாதீர்கள். பழைய குழப்பமே திரும்ப வரும். பள்ளியில் என்ன கருவியோ, அது மட்டும் போதும்.

மேக் கணினிக்கு இதே மாதிரி டாஷ் இருக்கிறது. அது காசு கொடுத்து வாங்குவது. குரோம்புக் போல எதையும் இன்ஸ்டால் செய்ய முடியாத கணினி என்றால் டெவ்டாக்ஸ் இருக்கிறது. அது பிரவுசரிலேயே ஓடும். அதன் ஆஃப்லைன் பக்கத்துக்குப் போய் எஸ்கியூலைட்டை இன்ஸ்டால் செய்யலாம். முடிந்ததும் வைஃபையை ஒரு நிமிடம் அணைத்துத் தேடிப் பாருங்கள். பக்கம் திறந்தால் வேலை முடிந்தது.

பதிப்பையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். கையேடு புதிதாக, கணினியில் இருக்கும் எஸ்கியூலைட் பழையதாக இருந்தால் பிள்ளை வீணாகக் குழம்பும். உதாரணத்துக்கு, ரைட் ஜாயின் 2022-ல் வந்த 3.39 பதிப்பில்தான் சேர்ந்தது. அதற்கு முந்தைய பதிப்பில் கையேட்டைப் பார்த்துச் சரியாக எழுதினாலும் எரர்தான் வரும்.

முதல் நாள் பக்கத்தில் உட்கார்ந்தேன். எஸ்கியூலைட் கையேட்டில் ஒவ்வொரு கட்டளைக்கும் ரயில் தண்டவாளம் மாதிரி ஒரு படம் இருக்கிறது. இடது பக்கம் தொடங்கி, கோட்டின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே போனால் எந்தச் சொல்லுக்குப் பிறகு எது வரலாம் என்று தெரிந்துவிடும். எனக்கே புரிந்தது. வீட்டில் ஒரு வழக்கமும் வைத்துக்கொண்டோம்: எரர் வந்தால் முதலில் கையேடு, அதற்கப்புறம்தான் கூகுள், ஏஐ எல்லாம். பரீட்சைக்கு மட்டும் டீச்சர் கொடுத்த குறிப்புதான் கணக்கு. கையேட்டில் இருப்பது எல்லாம் பாடத்தில் இருக்காது.

இரண்டு நாள் கழித்து, காலையில் இட்லி சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள்: "அம்மா, நான் சண்டை போட்டுக்கிட்டிருந்த அந்த வார்த்தையே தேவையில்லையாம். இன்டிஜர் பிரைமரி கீன்னு போட்டாலே நம்பர் தானா விழுமாம். கையேட்டுலயே போட்டிருக்கு."

"எப்ப பார்த்தே?"

"நேத்து ராத்திரி ஒன்பதரைக்கு."

வைஃபை 9 மணிக்கே அணைந்திருந்தது.