உங்களுக்குத் தெரியுமா? ஜப்பானிய வீட்டுச் சாப்பாடு

● ஜப்பானியச் சாப்பாடு என்றதும் நமக்கு சுஷிதான் நினைவுக்கு வருகிறது. ஜப்பானியர்களோ சுஷியைப் பெரும்பாலும் கடையில் சாப்பிடுகிறார்கள், அல்லது வாங்கி வருகிறார்கள். வீட்டுச் சாப்பாட்டின் கணக்கு வேறு: ஒரு சூப், மூன்று பதார்த்தம். ‘இச்சிஜூ சான்சாய்’ என்பார்கள். மூன்றில் ஒன்று பெரியது. மீன், முட்டை, டோஃபு (சோயாப் பனீர்), இறைச்சி என ஏதாவது ஒன்று. மற்ற இரண்டும் சின்னக் கிண்ணத்தில் காய், கீரை, கடற்பாசி. சோறும் ஊறுகாயும் கணக்கில் சேராது. அவை எப்படியும் இருக்கும்!

● தினமும் மூன்று பதார்த்தம் செய்ய யாருக்கு நேரம்? அங்கேயும் அதே புலம்பல்தான். தொயி யோஷிஹாரு என்ற பிரபல சமையல் கலைஞர், ‘ஒரு சூப், ஒரு பதார்த்தம் போதும்’ என்று 2016இல் புத்தகமே எழுதினார். மிசோ (சோயாவைப் புளிக்கவைத்த விழுது) கரைத்த சூப்பில் வீட்டிலிருக்கும் காய்களை நிறையப் போட்டால் அந்த சூப்பே பதார்த்தமும் ஆகிவிடும் என்பது அவர் கட்சி. புதிதாகத் தொடங்குகிறவர்கள் இங்கிருந்து தொடங்குவதே புத்திசாலித்தனம்.

● பரிமாறுவதிலும் ஓர் ஒழுங்கு உண்டு. சோறு இடப்பக்கம், சூப் வலப்பக்கம், பதார்த்தங்கள் பின்வரிசையில். குச்சிகள் முன்னால் குறுக்காக, முனை இடப்பக்கம் பார்க்க வேண்டும். சோற்றில் குச்சியைச் செங்குத்தாக நட்டு வைக்கக் கூடாது. அது இறந்தவருக்குப் படைக்கும் முறை.

● ஜப்பானிய உணவு மரபான ‘வாஷோக்கு’ 2013 டிசம்பரில் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பிடித்தது. வேடிக்கை என்னவென்றால், சொந்த வீட்டில் அதன் செல்வாக்கு அதற்குள் சரிந்திருந்தது. 1962இல் ஓர் ஆளுக்கு ஆண்டுக்கு 118 கிலோ அரிசி செலவான நாடு அது. இப்போது ஏறக்குறைய 50 கிலோ. மிச்ச இடத்தை ரொட்டியும் நூடுல்ஸும் பாஸ்தாவும் பிடித்துக்கொண்டன.

● ஜப்பான் அரசின் உணவு வழிகாட்டிப் படம் ஒரு பம்பரம். 2005இல் வெளியிட்டார்கள். மேல்தட்டில் சோறு போன்ற தானியம், அதற்குக் கீழே காய்கறி, பிறகு மீன்–இறைச்சி–முட்டை–சோயா, அடியில் பாலும் பழமும். தண்ணீரும் தேநீரும் நடு அச்சு. பம்பரத்தின் உச்சியில் ஒருவர் ஓடிக்கொண்டிருப்பார். உடற்பயிற்சி இல்லாவிட்டால் பம்பரம் சுற்றாதாம். இனிப்பும் நொறுக்குத்தீனியும் எங்கே? சாட்டைக் கயிற்றில்! பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 350 கிராம் காய்கறி என்பதும் அரசு வைத்திருக்கும் இலக்கு.

● ‘பாரம்பரிய உணவு’ என்றால் எவ்வளவு பழையது? தோஹோக்கு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1960, 1975, 1990, 2005 ஆகிய நான்கு ஆண்டுகளின் ஜப்பானிய வீட்டுச் சாப்பாட்டை அப்படியே சமைத்து, உலர்த்திப் பொடியாக்கி எலிகளுக்குக் கொடுத்தார்கள். கொழுப்பு சேராமல் நன்றாக இருந்தவை 1975ஆம் ஆண்டுச் சாப்பாட்டை உண்ட எலிகள். 1960இன் சாப்பாடு மிகவும் சோற்றுமயம். 2005இல் எண்ணெயும் இறைச்சியும் அதிகம். 1975இல் பழைய சமையலோடு பாலும் பழமும் முட்டையும் அளவாகச் சேர்ந்திருந்தன. ஆக, தாத்தா காலத்துச் சாப்பாடெல்லாம் தானாகவே ஆரோக்கியமானது என்று ஜப்பானை உதாரணம் காட்டிப் பேச முடியாது. அவர்கள் அடிபட்டுத் திருத்திக்கொண்டவர்கள். அந்த அடிகள் இரண்டு: ஒன்று வெள்ளைச் சோறு, மற்றது உப்பு.

● முதல் அடி, பெரிபெரி. தீட்டிய அரிசியை மட்டுமே நம்பிய நகரவாசிகளுக்குக் கால் வீங்கி, இதயம் நின்றுபோகும் நோய் வந்தது. எடோ (இன்றைய டோக்கியோ) நகரத்துக்குப் போனால் வருவதால் ‘எடோ நோய்’ என்றே பெயர். 1882இல் புறப்பட்ட ‘ரியூஜோ’ என்ற போர்க்கப்பலில் 376 பேர். 169 பேருக்கு நோய், 25 பேர் மரணம். கடற்படை மருத்துவர் தகாகி கனேஹிரோ 1884இல் அதே பாதையில் ‘த்சுகுபா’ கப்பலை அனுப்பினார். உணவை மட்டும் மாற்றினார்: இறைச்சி, பால், ரொட்டி. ஒருவர்கூடச் சாகவில்லை. பிறகு கடற்படையில் பார்லி கலந்த சோறு வழக்கமானது.
தரைப்படை மருத்துவர்கள் இதை ஏற்கவில்லை. கிருமிதான் காரணம் என்று அடம்பிடித்தவர்களில் ஒருவர் மோரி ஓகாய். ஜப்பானின் மாபெரும் நாவலாசிரியர்களில் அவரும் ஒருவர். 1904–05 ரஷ்யப் போரில் தரைப்படையில் சுமார் 27 ஆயிரம் வீரர்கள் பெரிபெரிக்கே பலியானார்கள். தகாகியும் காரணத்தைச் சரியாகப் பிடிக்கவில்லை என்பது இன்னொரு விஷயம். புரதக் குறைவு என்றே நினைத்தார். உண்மையில் குறைந்திருந்தது வைட்டமின் பி1. தவிட்டிலிருந்து அந்தச் சத்தை 1910இல் பிரித்துக் காட்டியவர் சுசுகி உமேதாரோ.

● ஆகவே சோற்றில் ஒரு பங்கு பார்லி கலப்பது வெறும் நாகரிகம் இல்லை. ‘முகிமேஷி’ என்று இன்றும் சாப்பிடுகிறார்கள். நார்ச்சத்தும் கூடுகிறது.

● தீட்டிக் கழித்த தவிட்டையும் ஜப்பானியப் பெண்கள் வீணாக்கவில்லை. தவிடு, உப்பு, தண்ணீர் பிசைந்து தொட்டியில் புளிக்கவிட்டு, அதற்குள் வெள்ளரி, முள்ளங்கி, கத்தரி, கேரட்டைப் புதைப்பார்கள். மறுநாள் எடுத்தால் ‘நுகாசுகே’ ஊறுகாய். தவிட்டிலிருக்கும் பி1 காய்க்குள் இறங்குகிறது. அரிசியில் போனது ஊறுகாயில் திரும்புகிறது! தொட்டியைத் தினமும் கைவிட்டுக் கிளற வேண்டும். மறந்தால் நாற்றம் வீட்டைத் தூக்கும்.

● தானாக நின்றுவிடும் மின்சார ரைஸ் குக்கரை 1955இல் தோஷிபா சந்தைக்குக் கொண்டுவந்தது. வடிவமைத்தவர் மினாமி யோஷிததா என்ற சிறு தொழிலதிபர். ஆனால் பல காலம் விடாமல் அரிசி வடித்து, வெப்பம் பார்த்து, குறிப்பெடுத்தவர் அவர் மனைவி ஃபுமிகோ. அந்தக் குக்கரோடு வரும் கப் 180 மில்லி. சமையல் குறிப்புப் புத்தகங்களின் 240 மில்லி கப்போடு குழப்பிக்கொண்டால் சோறு குழைந்துவிடும். ஜப்பானிய அரிசியை நன்றாகக் கழுவி அரைமணி நேரம் ஊறவைப்பது முக்கியம். ஒருவருக்கு 150 கிராம் சோறு, அதாவது ஒரு சின்னக் கிண்ணம். நம் தட்டுக்குப் பழகிய கண்ணுக்கு அது போதாதுபோலத் தோன்றும்.

● ஜப்பானியச் சமையலின் அடிப்படை ‘தாஷி’ எனும் சாறு. ஒரு லிட்டர் தண்ணீரில் 10 கிராம் கொம்பு (தடித்த கடற்பாசிப் பட்டை) போட்டு அரைமணி நேரம் ஊறட்டும். மெல்லிய தீயில் சூடாக்கி, கொதி வருவதற்கு முன் பட்டையை எடுத்துவிட வேண்டும். கொதித்தால் கொழகொழப்பும் கசப்பும் இறங்கும். பிறகு கத்சுவோபுஷி எனும் மீன் சீவல் 20 கிராம் போட்டு, அடுப்பை அணைத்து, இரண்டு நிமிடத்தில் வடிகட்டினால் முடிந்தது. ஊறும் நேரத்தைத் தள்ளினால், நமக்கு ரசம் வைக்கும் நேரம்கூட ஆகாது. கொம்பின் மேல் வெள்ளைப் பொடி படிந்திருந்தால் பூஞ்சணம் என்று பயந்து கழுவாதீர்கள். ருசியே அதில்தான்.

● கத்சுவோபுஷி என்பது சூரை மீனை வேகவைத்து, புகையூட்டி, காயவைத்தது. செய்முறை எங்கேயோ கேட்டதுபோல் இருக்கிறதா? நம்முடைய மாசிக் கருவாடு! மாலத்தீவு, லட்சத்தீவு, இலங்கை, தூத்துக்குடி எல்லாம் அறிந்த அதே சரக்கு. உயர்தர ஜப்பானிய வகையில் ஒரு படி கூடுதல்: பூஞ்சையைப் பிடிக்கவைத்து, வெயிலில் உலர்த்தி, மறுபடியும் பிடிக்கவைப்பார்கள். மாதக்கணக்கில் நடக்கும் வேலை. கடைசியில் மரக்கட்டை போலாகிவிடும். தச்சரின் இழைப்புளி போன்ற கருவியில்தான் சீவ வேண்டும். அவசரத்துக்கு மாசியைச் சீவிப் போடலாம். உப்பு பார்த்துப் போடுங்கள், மாசியிலேயே இருக்கும்.

● கொம்புச் சாற்றின் ருசி எங்கிருந்து வருகிறது என்று 1908இல் கண்டுபிடித்தவர் டோக்கியோ பேராசிரியர் இகேதா கிகுனாயே. குளூட்டமேட். ‘உமாமி’ என்று பெயரிட்டார். மறு ஆண்டே அது அஜினோமோட்டோவாகக் கடைக்கு வந்தது. மீன் சீவலின் ருசிப்பொருளை 1913இலும், ஷிடாக்கே காளானுடையதை 1957இலும் மற்ற ஜப்பானியர்கள் கண்டறிந்தார்கள். இவற்றைக் குளூட்டமேட்டோடு சேர்த்தால் ருசி பல மடங்கு ஏறும். பாட்டிகள் கொம்பையும் மீனையும் ஒரே சட்டியில் போட்டதன் காரணம் ஆய்வகத்தில் பிடிபட இத்தனை காலம்.

● மீன் வேண்டாமா? கொம்போடு காய்ந்த ஷிடாக்கே காளானை இரவே குளிர்ந்த நீரில் ஊறப்போடுங்கள். புத்த மடங்களின் சைவச் சமையலுக்கு இதுவே ஆதாரம். டோகேன் என்ற ஜென் குரு 1237இலேயே மடத்துச் சமையல்காரருக்கான கையேடு எழுதியிருக்கிறார். அரிசி கழுவுவதையும் தியானம் போலச் செய்யச் சொல்பவர். கடையில் வாங்கும் ‘காய்கறி’ மிசோ சூப் பொட்டலங்களில் மீன் சீவல் ஒளிந்திருக்கலாம். சைவர்கள் சேர்பொருள் பட்டியலைப் படிக்காமல் வாங்கக் கூடாது.

● இரண்டாவது அடி உப்பு. 1951 முதல் 1980 வரை ஜப்பானில் அதிக உயிர்களைப் பறித்தது பக்கவாதம். வடக்கு மாகாணங்களில் ஒருவர் நாளுக்கு 20 கிராமுக்கு மேல் உப்புத் தின்ற காலமும் உண்டு. இன்றும் சராசரி சுமார் 10 கிராம். உலகச் சுகாதார நிறுவனம் சொல்வது 5. ஜப்பானியச் சமையலின் பலவீனம் இதுதான். இதை மறைத்து எழுதும் ‘நூறு வயது ரகசிய’க் கட்டுரைகளை நம்பாதீர்கள்.

● உப்பைக் குறைத்துக் காட்டியது நாகானோ. நாட்டின் மிசோவில் ஏறக்குறைய பாதியைத் தயாரிக்கும் மலை மாகாணம், ஊறுகாய்க்கும் பேர்போனது. தன்னார்வப் பெண்கள் வீடு வீடாகப் போய் மிசோ சூப்பில் உப்பை அளந்தார்கள். அங்குள்ள சாக்கு மருத்துவமனையின் டாக்டர் வகாத்சுகி தோஷிகாசு, ஊழியர்களைக் கூட்டிக்கொண்டு கிராமம் கிராமமாக நாடகம் போட்டே சுகாதாரம் சொன்னவர். 1976இல் மகசேசே விருது பெற்றார். 2010 கணக்கெடுப்பில் ஆயுளில் ஆண், பெண் இரு பாலாரிலும் நாகானோவே முதலிடம். அவர்கள் கையாண்ட வழி எளிது: சூப்பில் காயைக் கூட்டு, நீரைக் குறை, நூடுல்ஸ் சாற்றைக் கிண்ணத்திலேயே விட்டுவிடு.

● ஒரு கிண்ண மிசோ சூப்பில் சுமார் ஒன்றரை கிராம் உப்பு. ஆக, ஒரு நாளைக்கு ஒரு கிண்ணமே போதும். மிசோவை அடுப்பை அணைத்தபின் கரைக்க வேண்டும். கொதித்தால் வாசனை பறந்துவிடும். வெளிர் நிறம் என்றால் உப்புக் குறைவு என்று எண்ண வேண்டாம். கியோட்டோவின் வெளிர் இனிப்பு மிசோவில் உப்புக் குறைவுதான். நாகானோவின் மஞ்சள் மிசோவிலோ சுமார் 12 சதவீதம் உப்பு. சோயா சாஸிலும் வெளிர் வகையில்தான் உப்பு அதிகம்.

● ருசிப்பொருள் சேர்ப்பதற்கும் ஒரு வரிசை சொல்வார்கள்: சர்க்கரை, உப்பு, வினிகர், சோயா சாஸ், மிசோ. உப்பு முந்திக்கொண்டால் சர்க்கரை காய்க்குள் இறங்காது. வாசனைப் பண்டங்கள் கடைசியில்.

● ஜப்பானிய வீட்டு மீன் எப்போதும் விலையுயர்ந்த சால்மன் இல்லை. அயிலை, மத்தி இனங்கள்தான். உப்புத் தடவி இருபது நிமிடம் வைத்து, கசிந்த நீரைத் துடைத்துச் சுடுவார்கள், எண்ணெயே வேண்டாம். அயிலையும் சூரையும் வெயிலில் கிடந்தால் ஹிஸ்டமின் என்ற நச்சு உருவாகும். சமைத்தாலும் அது அழியாது. ஐஸில் இருந்த மீனாகப் பார்த்து வாங்குங்கள்.

● பச்சை மீன்? சந்தை மீனில் வேண்டவே வேண்டாம். புழுக்களைக் கொல்ல மைனஸ் 20 டிகிரியில் ஏழு நாள் உறையவைக்க வேண்டும்; வீட்டு ஃப்ரீசர் பலவும் அந்தக் குளிரை எட்டுவதில்லை. பாக்டீரியாவோ அதிலும் சாகாது.

● டோஃபு சலிக்கிறதா? 1782இல் வெளிவந்த ‘டோஃபு ஹியகுசின்’ என்ற நூலில் நூறு விதம் இருக்கிறது. அது விற்ற வேகத்தில் மறு ஆண்டே அடுத்த பாகமும் வந்தது.

● நோரி, அதாவது சுஷியைச் சுற்றும் கருப்புத் தாள், முன்பு அதிர்ஷ்டத்தை நம்பிய விவசாயம். விதை எங்கிருந்து வருகிறது என்று யாருக்கும் தெரியாது. இளம்பருவத்தில் அது கடற்சிப்பிக்குள் துளைத்து வாழ்கிறது என்று 1949இல் எழுதினார் ஆங்கில விஞ்ஞானி கேத்லீன் ட்ரூ-பேக்கர். அதைக் கொண்டு ஜப்பான் முழுவதும் நோரி பயிராக்கினார்கள். குமாமோட்டோவின் உதோ நகரில் அவருக்கு நினைவுக்கல் உண்டு. ஏப்ரல் 14 தோறும் விழா எடுக்கிறார்கள். அவர் ஜப்பானுக்கு ஒருமுறைகூட வந்ததில்லை.

● வேலைக்குப் போகும் ஜப்பானியர்களின் ஞாயிற்றுக்கிழமைத் தந்திரம் ‘த்சுகுரியோகி’. கேரட், பீன்ஸ், கடற்பாசி எனச் சில பதார்த்தங்களைச் செய்து ஃப்ரிட்ஜில் வைத்துவிடுவது. வாரநாளில் சோறு, சூப், சுட்ட மீன் மட்டும் புதிதாகச் செய்தால் போதும். மூன்று நாளைக்குள் தீர்த்துவிடுங்கள்.

● வயிறு பத்தில் எட்டுப் பங்கு நிறைந்ததும் நிறுத்து என்பது ஒகினாவா தீவின் கண்டுபிடிப்பு என்று இணையமெங்கும் எழுதுகிறார்கள். கியூஷூ தீவைச் சேர்ந்த கைபாரா எக்கென் என்ற அறிஞர் 1713இல் எழுதிய ‘யோஜோகுன்’ நூலிலேயே அளவோடு நிறுத்தச் சொல்லும் அறிவுரை இருக்கிறது. அதை எழுதும்போது அவருக்கு எண்பது வயதுக்கு மேல்.

● கடைசியாக ஒன்று, மருந்து சாப்பிடுபவர்களுக்கு. சோயாவைப் புளிக்கவைத்த நாட்டோவில் வைட்டமின் கே மிக அதிகம். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள் தொடக் கூடாது. கொம்பில் அயோடின் ஏராளம். தைராய்டு பிரச்சினை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தினமும் தாஷி வைக்க வேண்டாம். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மிசோ டப்பாவை வாங்கும்போதே சோடியம் அளவைப் பார்த்து வாங்குங்கள்.