வி.ஆர்.எஸ். கணக்கு: 'எல்லாம் சேர்த்து' என்றால் எவ்வளவு?

வில்லியனூர் கொம்யூனில் சேதராப்பட்டு, பாகூர் கொம்யூனில் கிருமாம்பாக்கம் என்று தொழிற்பேட்டைச் சம்பளத்தை நம்பித்தான் நம்ம பக்கம் பல வீடுகளில் அடுப்பு எரிகிறது. ஆளைக் குறைக்க நினைக்கும் கம்பெனி பெரும்பாலும் முதலில் நீட்டுவது விருப்ப ஓய்வுத் திட்டம், அதாவது வி.ஆர்.எஸ். "எல்லாம் சேர்த்து 4 லட்சம்" என்றால் பெரிய தொகையாகத்தான் தெரியும். கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம்.

ஒரு உதாரணம். தொழிலாளிக்கு வயது 52, சர்வீஸ் 22 வருடம், ஓய்வு வயது 58. மாதச் சம்பளம் 15,600 ரூபாய். 26 நாளால் வகுத்தால் நாளுக்கு 600.

முதலில் கிராஜுவிட்டி. சட்டப்படி வருடத்துக்கு 15 நாள் சம்பளம். 22 × 15 × 600 = 1,98,000. இது ராஜினாமா செய்தாலும் வரவேண்டிய பணம். வி.ஆர்.எஸ்.ஸுக்காக யாரும் கூடுதலாகத் தருவதில்லை. அதைக் கழித்தால் மிச்சம் 2,02,000.

இப்போது கம்பெனியே ஆட்குறைப்பு செய்து அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 15 நாள் சம்பளம் இழப்பீடு. இதற்கு 26 நாளால் வகுப்பதில்லை, மாதச் சம்பளத்தில் பாதிதான் கணக்கு, அது 1,71,600. குறைந்தது ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம், 15,600. ஆக 1,87,200. அதாவது 'விருப்பப்பட்டு' போகிறவருக்குக் கூடுதலாகக் கிடைப்பது 14,800 ரூபாய்தான்!

பணத்தோடு முடியவில்லை. 1947ஆம் ஆண்டு தொழில் தகராறு சட்டத்தில் ஆட்குறைப்பு என்பதற்குள் விருப்ப ஓய்வு சேரவில்லை. 2020ஆம் ஆண்டு தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பிலும் அப்படித்தான். கையெழுத்து போட்டவர் ஆட்குறைப்பு இழப்பீடு கேட்க முடியாது. அதே கம்பெனி மறுபடி ஆள் எடுத்தால் ஆட்குறைப்பில் போனவருக்குள்ள முன்னுரிமையும் இவருக்குக் கிடையாது.

அப்போ நியாயமான தொகை எது? பி.எஸ்.என்.எல். திட்டத்தைப் பாருங்கள். 2020 ஜனவரி 31 அன்று 78,000க்கும் மேற்பட்டோர் அதில் வெளியேறினார்கள். முடித்த வருடத்துக்கு 35 நாள், மீதமுள்ள வருடத்துக்கு 25 நாள் சம்பளம் என்பது கணக்கு. குஜராத் மாடல் என்பார்கள். நம் உதாரணத்துக்கு 770 + 150 = 920 நாள், 5,52,000 ரூபாய். கிராஜுவிட்டி தனி. தனியார் கம்பெனி இதைக் கொடுத்தே தீரவேண்டும் என்று சட்டம் இல்லை. ஆனால் யூனியன் பேச உட்காரும்போது கையில் ஒரு அளவுகோல் வேண்டுமே.

ஆகவே கையெழுத்துக்கு முன் இவற்றைக் கேளுங்கள்:

1. கிராஜுவிட்டி, லீவு சம்பளம், வி.ஆர்.எஸ். தொகை மூன்றையும் தனித்தனியாக எழுத்தில் கேளுங்கள். பி.எஃப். இதில் சேரவே கூடாது.

2. பி.எஃப். பென்ஷனை 58க்கு முன்னாடி எடுத்தால் வருடத்துக்கு 4 சதவீதம் குறையும். அவசரப்பட வேண்டாம்.

3. குறைந்தது 5 வருடம் இ.எஸ்.ஐ.யில் இருந்துவிட்டு வி.ஆர்.எஸ்.ஸில் போகிறவர், வருடம் 120 ரூபாய் கட்டினால் கணவன் மனைவி இருவருக்கும் வைத்தியம் தொடரும். அதற்கு வெளியேறும் கடிதத்தில் 'ராஜினாமா' என்று இல்லாமல் 'விருப்ப ஓய்வு' என்றே இருக்கவேண்டும்.

கம்பெனி ஏற்றுக்கொண்ட கடிதம் வந்துவிட்டால் பின்வாங்குவது கஷ்டம். கணக்கை அதற்கு முன்னாடியே போட்டுவிடுங்கள்.